கிறிஸ்தியான் டாப்ளர் சரித்திரம்

பெரியோர் ஒருவருடைய சரித்திரத்தை எழுதப் புகுவோர் அவர் பெற்ற வெற்றிகளை வரிசையாக எடுத்துரைத்தல் வழக்கம். இக்கட்டுரையில் நாம் கூறப்புகும் பெரியாரோ, எப்பொருளை விளக்குவதற்காகத் தம் கொள்கையை வெளியிட்டாரோ அப்பொருளிலேயே பிழைபட்டார். தம் காலத்துப் பண்டிதர் சிலரால் வன்மையாக மறுக்கப்பட்டார். ஐம்பது வயது நிரம்புமுன்னே, பிறந்த ஊருக்கு நெடுந்தொலைவில் உயிர் நீத்தார். ஆயினும், இன்று விண்மீன்களின் ஓட்டத்தை அளக்கும் வான சாஸ்திரிகளும், இரண சிகிச்சை முடிந்து தளர்ந்து கிடக்கும் நோயாளியின் கட்டிலருகே நிற்கும் வைத்தியர்களும் அவர் பெயரையே உச்சரிக்கின்றனர். இஃது எங்ஙனம் நிகழ்ந்தது என்பதைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

கிறிஸ்தியான் டாப்ளர் என்பார் 1803-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29-ஆம் நாள், ஆல்ப்ஸ் மலைச்சாரலில் அமைந்த சால்ஸ்பர்க் நகரத்திற் பிறந்தார். இசைப்புலவர் மொசார்ட் பிறந்த நகரமும் அதுவே. டாப்ளரின் முன்னோர் கல்தச்சர். தந்தையாரும் அத்தொழிலில் தேர்ந்தவர். குலத்தொழிலைக் கைக்கொண்டிருப்பின் டாப்ளருக்கு உணவுக்கும் உடைக்கும் குறைவிராது. ஆனால், அவர் இளமையிலேயே மெலிந்த தேகமுடையவர். உளியும் சுத்தியும் ஏந்திக் கற்றூளின் நடுவே நாள் முழுதும் நிற்றற்கு அவர் உடல் இடங்கொடுக்கவில்லை. ஆகவே, தந்தையார் மகனை வேறு துறையில் விடுக்க நினைத்தார். அக்காலத்தில் சால்ஸ்பர்க்கில் கணித ஆசிரியராயிருந்த ஸ்டாம்பர் என்பவர் இவ்விளைஞரின் நுண்ணறிவைக் கண்டு, வியன்னா நகரத்துத் தொழிற்கல்விக் கழகத்திற்கு அனுப்புமாறு கூறினார். நல்லாசிரியர் ஒருவர் உரிய காலத்திற் சொன்ன சொல் ஒரு வாழ்க்கையின் போக்கையே மாற்றிற்று.

வியன்னாவிற் கணிதமும் பௌதிகமும் பயின்ற டாப்ளர் 1829-ஆம் ஆண்டில் அங்கேயே உதவியாசிரியராக அமர்ந்தார். அப்பதவி சில ஆண்டுகளுக்கே உரியது. அது முடிந்தபின் நிலையான ஆசிரியர் பதவியை நாடி அவர் பல இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார், ஓரிடமும் வாய்க்கவில்லை. கணிதப் பேராசிரியராதற்குரிய அவர், பஞ்சு நூற்கும் ஆலையொன்றிற் கணக்கெழுதி வயிறு வளர்க்க நேர்ந்தது. மனமுடைந்த அவர் 1835-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் குடியேறத் துணிந்து, தம் உடைமைகளை விற்றுவிட்டு, மியூனிக் நகரத்திலிருந்த அமெரிக்கத் தூதரிடம் சென்று பேசிவந்தார். அந்நிலையில், பிராக் நகரத்துப் பள்ளியொன்றில் கணித ஆசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. பயணம் நின்றது. அடுத்த ஆண்டில் மத்தில்தே என்னும் பெண்மணியை அவர் மணந்தார். அவர்களுக்கு ஐந்து மக்கள் பிறந்தனர்.

பிராக் நகரத்தில் டாப்ளர் செல்வராகவும் இல்லை, ஓய்வுடையராகவும் இல்லை. 1841-ஆம் ஆண்டில் அந்நகரத்துத் தொழிற்கல்விக் கழகத்தில் முழுப் பேராசிரியரானபின், பெருந்தொகையான மாணவரைத் தாமே எழுத்திலும் வாய்மொழியிலும் பரீட்சிக்கும் சுமை அவர்மேல் விழுந்தது. பரீட்சை மிகக் கடியது என்று மாணவர் முறையிட்டனரென்றும், அதுபற்றி விசாரணை நிகழ்ந்ததென்றும் அறிகின்றோம். நம்மனோர்க்கு அம்மாணவர்மீதும் சிறிது இரக்கம் பிறத்தல் இயல்பே. ஆனால், மெலிந்த நெஞ்சும் இருமலும் உடைய அப்பேராசிரியர், இத்தனை வேலைக்கு நடுவிலும் ஆராய்ச்சியை விட்டிலர் என்பதே நாம் நினைக்கற்பாலது.

1842-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள் பிராக் நகரத்து அரசாங்க விஞ்ஞானக் கழகத்தில் டாப்ளர் ஒரு கட்டுரை படித்தார். இரட்டை நட்சத்திரங்கள் வெவ்வேறு நிறமுடையனவாகத் தோன்றுவதற்குக் காரணம் யாது என்பதே அதன் பொருள். அதில் அவர் கூறிய தத்துவம் மிக எளியது. நங்கூரமிட்டு நிற்கும் ஓடத்தின்மீது கடலலைகள் ஒரு நிமிஷத்திற்கு இத்தனை என்று வந்து மோதுகின்றன எனக் கொள்வோம். ஓடம் அலைகளை எதிர்த்துச் சென்றால் அதே நிமிஷத்தில் மிகுதியான அலைகள் மோதும். அலைகள் செல்லும் திசையிலேயே சென்றால் குறைவான அலைகளே மோதும். அலைகளை எழுப்பும் பொருள் நகர்ந்தாலும் இத்தகைய விளைவே உண்டாகும். ஒலி என்பது காற்றிற் செல்லும் அலை. ஆகலின், ஒலிக்கும் பொருள் நம்மை நோக்கி வருங்கால் சுருதி உயர்ந்தும், நம்மை விட்டு அகலுங்கால் சுருதி தாழ்ந்தும் கேட்கும். ஒளிக்கும் இது பொருந்தும் என்று டாப்ளர் துணிந்தார்.

தத்துவம் மெய், அதை அவர் செலுத்திய இடமே தவறு. விண்மீன்கள் யாவும் இயல்பில் வெண்மையானவை என்றும், நம்மை நோக்கி வருவன நீலமாகவும் அகல்வன சிவப்பாகவும் மாறித் தோன்றுகின்றன என்றும் அவர் எண்ணினார். உண்மையில், விண்மீனின் நிறம் அதன் வெப்பநிலையாற் பெரிதும் அமைவது. கண்ணுக்குப் புலனாகும் நிறமாற்றத்தை உண்டாக்குதற்கு விண்மீன்களின் சாதாரண வேகம் போதாது. ஆனால், இவையெல்லாம் தெளிவாவதற்குப் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன. அந்நாளில், பிராக் நகரத்திலிருந்த போல்சானோ என்னும் கணிதப் பேரறிஞர் இத்தத்துவத்தின் பெருமையை உணர்ந்து அதனைப் பாராட்டி எழுதினார்.

மூன்றாண்டுகள் கழிந்தபின், ஹாலந்து தேசத்தில் பைஸ் பாலட் என்னும் இளைஞர் இதனைச் சோதிக்க முற்பட்டார். டாப்ளரை மறுப்பதே அவர் கருத்து என்பர். குதிரை வண்டியின் வேகம் இச்சோதனைக்குப் போதாது. அக்காலத்திற் புதிதாக வந்திருந்த புகைவண்டியே ஏற்ற கருவியாயிற்று. 1845-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திற் செய்த முயற்சி குளிராலும் பனியாலும் தடைப்பட்டது. ஜூன் மாதத்தில், உத்ரெக்ட் நகரத்திற்கும் மார்சன் என்னும் ஊருக்கும் இடையிலுள்ள இருப்புப் பாதையில், வண்டியிலிருந்தபடியே ஒருவர் எக்காளத்தில் ஒரே ஸ்வரத்தை விடாது ஊத, பாதையோரத்தில் நின்ற இசைவாணர்கள் தம் செவியால் அதன் சுருதியை மதிப்பிட்டனர். வண்டி நெருங்கி வருங்கால் ஸ்வரம் உயர்ந்தது. கடந்து சென்றபின் தாழ்ந்தது. மறுக்கப் புகுந்தவரே சாட்சியாயினர். ஆனால், விண்மீன்களின் நிறம்பற்றிய கூற்றைப் பைஸ் பாலட் ஏற்கவில்லை. அதுவும் நேர்மையே.

டாப்ளர் 1847-ஆம் ஆண்டில் ஷெம்னிட்ஸ் நகரத்துச் சுரங்கக் கல்லூரிக்குப் பேராசிரியராகச் சென்றார். அடுத்த ஆண்டில் ஐரோப்பாவெங்கும் அரசியற் கலகம் மூண்டது. 1849-இல் அவர் வியன்னாவுக்கு மீண்டார். 1850-ஆம் ஆண்டில் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப் வியன்னா சர்வகலாசாலையிற் புதிதாக ஏற்படுத்திய பௌதிக நிலையத்திற்கு அவரே முதல் தலைவராக நியமிக்கப்பட்டார். அங்கே அவரிடம் பாடங்கேட்டவருள் ஒருவர், பிற்காலத்திற் பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பரம்பரையின் விதிகளைக் கண்டறிந்த துறவி மெண்டல் ஆவர்.

இவ்வாறு உயர்நிலை எய்திய சின்னாட்களிலேயே அவருக்குப் பெரியதோர் எதிர்ப்பு உண்டாயிற்று. புகைப்படக் கருவிக்குச் சிறந்த கண்ணாடிவில்லை அமைத்துக் கீர்த்திபெற்ற கணித நிபுணராகிய பெட்ஸ்வால் என்பவர், 1852-ஆம் ஆண்டில் வியன்னா விஞ்ஞானக் கழகத்தில் டாப்ளரின் கொள்கையைத் தாக்கிப் பேசினார். சில வரிகளில் அடங்கும் எளிய சமன்பாட்டிலிருந்து பெரிய விதி பிறவாது என்பது அவர் கருத்து. அலை செல்லும் ஊடகம் ஓடினாலும் அலையின் துடிப்பு மாறாது என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கு தன்னளவிற் சரியானதே. ஆனால், டாப்ளர் கூறியது ஊடகத்தின் ஓட்டத்தையன்று. ஒலிப்பவரும் கேட்பவரும் நெருங்குதலையும் அகலுதலையுமாம். இருவரும் வெவ்வேறு பொருளைப்பற்றிப் பேசினர். அவையில் பலருக்கு அவ்வேறுபாடு புலப்படவில்லை.

அவ்வாண்டின் இறுதியில் டாப்ளரின் நெஞ்சுநோய் முற்றிற்று. வெப்பமான காற்று நலந்தரும் என்று கருதி அவர் வெனிஸ் நகரத்திற்குச் சென்றார். நலம் வரவில்லை. 1853-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 17-ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் வயதில் அவர் அங்கே உயிர் துறந்தார். அந்நகரத்தை அடுத்த சான் மிக்கேல் தீவே அவர் உடலை அடக்கஞ்செய்த இடம்.

நிற்க. அவர் தத்துவம் அவரோடு அடங்கவில்லை. பிஸோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1848-ஆம் ஆண்டிலேயே, விண்மீனின் நிறத்தை நோக்காது அதன் ஒளிப்பட்டையிலுள்ள கோடுகளை நோக்குக என்று வழிகாட்டினார். 1868-ஆம் ஆண்டில் ஹக்கின்ஸ் என்னும் ஆங்கிலேயர் அவ்வழியே சென்று சிரியஸ் என்னும் விண்மீனின் ஓட்டத்தை அளக்க முயன்றார். வானத்தில் இங்ஙனம் நிலைபெற்ற தத்துவம் மனித தேகத்தினுள் நுழைதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது. அதற்குச் செவிக்கெட்டாத நுண்ணொலி வேண்டியிருந்தது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதைக் கியூரி சகோதரர் 1880-இற் கண்டனர். அப்படிகங்களே மின்சாரத்தால் அதிர்ந்து நுண்ணொலியைப் பிறப்பித்தற்கும் உதவின. 1953-ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து லுண்ட் நகரத்தில் எட்லர் என்னும் வைத்தியரும் ஹெர்ட்ஸ் என்னும் பௌதிக அறிஞரும், உலோகத்தின் உட்பிளவைக் கண்டறிதற்காக ஏற்பட்ட கருவியை இரவல் வாங்கி, துடிக்கும் இருதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தனர். அதனை அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பான் தேசத்து ஒசாகாவில் சதோமுரா என்பவர் டாப்ளரின் தத்துவத்தைக் கொண்டு இருதயத்தின் அசைவையும் இரத்தத்தின் ஓட்டத்தையும் ஆராய்ந்தார்.

இனி, நோயாளியின் கட்டிலருகே செல்வோம். பெரிய இரண சிகிச்சை முடிந்தபின் சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் தாழ்தல் அரிதன்று. சராசரி அழுத்தம் 65 மில்லிமீட்டர் இரச அளவுக்குக் கீழ் நெடுநேரம் நிற்குமாயின் சிறுநீரகமும் இருதயமும் ஊறுபடும். ஆகவே வைத்தியர் விரைதல் வேண்டும்; ஆனால் எத்திசையில் விரைவது என்பதே வினா. வாய்க்காலில் நீர்மட்டம் தாழ்ந்ததெனில், கிணறு வற்றியிருக்கலாம். ஏற்றம் இறைப்பவன் சோர்ந்திருக்கலாம். வாய்க்கால் அளவுக்குமேல் அகன்றிருக்கலாம். இடையில் அடைப்பும் உண்டாகியிருக்கலாம். தேகத்திலும் அவ்வாறே. உள்ளே இரத்தம் கசிந்து குறைதல் ஒன்று. இருதயத் தசை தளர்தல் மற்றொன்று. மயக்க மருந்தாலோ கிருமிகளின் நஞ்சாலோ இரத்தக் குழாய்கள் தளர்ந்து அகலுதல் வேறொன்று. இருதயத்தைச் சூழ்ந்த உறையில் இரத்தம் தேங்கி அதனை நெருக்குதலும், காலிலிருந்து புறப்பட்ட இரத்தக்கட்டி நுரையீரற் குழாயை அடைத்தலும், நெஞ்சறையிற் காற்றுப் புகுந்து அழுத்துதலும் பிற.

கையிற் கட்டும் அளவுக்கருவி இவை யாவற்றிற்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். மருந்தோ ஒன்றற்கொன்று முரண்பட்டது. இரத்தம் குறைந்தவருக்கு உப்புநீரும் இரத்தமும் ஏற்றுதல் உயிர்காக்கும். சில வேளைகளில் மீண்டும் அறுத்துக் கசிவை நிறுத்தவும் வேண்டும். இருதயம் தளர்ந்தவருக்கு அதே நீரை ஏற்றினால் அது நுரையீரலிற் பெருகி மூச்சை அடைக்கும். குழாய் அகன்றவருக்கு அதனைச் சுருக்கும் மருந்து வேண்டும். உறையில் நெருக்குண்ட இருதயத்திற்கோ, தேங்கியதை வெளியேற்றினாலன்றி உய்வில்லை. ஊகத்தால் மருந்து கொடுப்பது எத்துணை அபாயம் என்பது இதனால் விளங்கும்.

இவ்விடத்திற்றான் நுண்ணொலிக் கருவி துணைசெய்கின்றது. கையிலடங்கும் துழாவியொன்றை நெஞ்சின்மீது வைத்தால் எதிரொலியே படமாக எழும். இடது இருதய அறை சிறுத்து, சுருங்குந்தோறும் சுவர்கள் ஒன்றையொன்று தொடுமாயின் இரத்தக் குறைவை நினைக்கலாம். அறை விரிந்து, சுவர்கள் சோம்பி அசையுமாயின் தளர்ச்சியே காரணம். இருதயத்தைச் சூழக் கரிய வளையம் தோன்றுமாயின் உறையில் நீரோ இரத்தமோ தேங்கியுள்ளது. வலது அறை அளவுக்கு மீறிப் பருத்திருப்பின் நுரையீரற் குழாயின் அடைப்பை ஐயுறவேண்டும். நுரையீரலின் மேலுறை சுவாசத்தோடு வழுக்கி அசையாதிருப்பின் நெஞ்சறையிற் காற்றுப் புகுந்திருத்தல் கூடும். வயிற்றினுள் மறைவாகக் கசிந்த இரத்தமும் கரும்பரப்பாகத் தோன்றும்.

படம் உருவத்தைக் காட்டும்; ஓட்டத்தின் வேகத்தை அளப்பதோ டாப்ளரின் தத்துவம். வினாடிக்கு 25 லட்சம் துடிப்புடைய நுண்ணொலி, வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் எதிர்நோக்கி வரும் இரத்தத்திற் பட்டு மீளுமாயின், அதன் துடிப்பு ஏறக்குறைய 3,250 மிகும். இரத்த அணுக்கள் முதலிற் கேட்பவராகவும் பின்னர் ஒலிப்பவராகவும் நிற்றலின் மாற்றம் இரட்டிக்கின்றது. இங்கே வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அனுப்பிய ஒலி மனிதச் செவிக்கு எட்டாதது. வேறுபாடாகிய 3,250 துடிப்போ நாம் நன்கு கேட்கத்தக்க சுருதி. ஆகவே இரத்தம் ஓடும் வேகத்தைக் கருவியின் வாயிலாகக் காதாற் கேட்கலாம். புகைவண்டியில் ஊதிய எக்காளத்தைப் பாதையோரத்தில் நின்று கேட்ட இசைவாணரின் வேலையையே இன்று வைத்தியர் கட்டிலருகே நின்று செய்கின்றார் எனலாம்.

இதனால் வரும் பயனை ஒரு சிறு கணக்காற் காட்டுவோம். இருதயத்திலிருந்து இரத்தம் புறப்படும் வாயிலின் விட்டம் 2 சென்டிமீட்டர் என்க. அதன் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். ஒரு துடிப்பில் இரத்தம் 20 சென்டிமீட்டர் தூரம் முன்னேறுகின்றதென்று கருவி காட்டுமாயின், ஒரு துடிப்பிற்கு வெளிவரும் இரத்தம் ஏறக்குறைய 63 மில்லிலிட்டர். நிமிஷத்திற்கு 70 துடிப்பாயின் 4.4 லிட்டர். அத்தூரம் 10 சென்டிமீட்டராகக் குறையுமாயின் வெளிவருவதும் பாதியே. அழுத்தம் தாழ்ந்திருந்தும் வெளிவரும் அளவு குறையாதிருப்பின், குழாய்கள் அகன்றுள்ளன என்று துணியலாம். அளவும் குறைந்திருப்பின், முன்னர்க் கண்ட படத்தோடு சேர்த்து, வற்றிய கிணறோ சோர்ந்த கையோ என்று தெளியலாம். இன்னும் ஐயமிருப்பின், கட்டிலைச் சாய்த்து நோயாளியின் கால்களை உயர்த்துவர். காலிலுள்ள இரத்தம் இருதயத்தை நோக்கி இறங்கும். உடனே வெளிவரும் அளவு பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிகுமாயின், நீரேற்றுதலால் இருதயத்தின் ஓட்டம் பெருகும் என்று எதிர்பார்க்கலாம். மிகாதாயின் நீரால் அப்பயன் விளைதல் அரிது. கால்களைத் தாழ்த்தினால் இரத்தம் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஒரு துளி மருந்துமின்றி மருந்தின் பயனை முன்னறியும் உபாயம் இது.

இக்கருவிக்கும் எல்லையுண்டு. ஒலி இரத்த ஓட்டத்திற்குக் குறுக்கே நேர்கோணத்திற் சென்றால் மாற்றம் சிறிதும் தோன்றாது. 60 பாகை சாய்வாகச் சென்றால் பாதியே தோன்றும். ஆகவே பயிலாத கை பொய்யான எண்ணைப் பெறும். நெஞ்சை அறுத்துக் கட்டியவரிடத்துக் கட்டுகளும் குழாய்களும் காற்று நிறைந்த நுரையீரலும் காட்சியை மறைக்கும். இருதய சிகிச்சைக்குப்பின் அதன் பின்புறத்தில் உறைந்து நிற்கும் இரத்தக்கட்டி மார்பின் வழியாகத் தோன்றாமலே போகக்கூடும். அப்போது உணவுக்குழாயின் வழியே துழாவியைச் செலுத்திப் பார்க்கவேண்டும். இவையனைத்திற்கும் மேலாக, நோயாளியின் முகத்தையும் கைகால்களின் குளிர்ச்சியையும் சிறுநீரின் அளவையும் நோக்கும் வைத்தியரின் கண்ணுக்குக் கருவி துணையேயன்றி மாற்றன்று.

டாப்ளரை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? விண்மீன்களின் நிறத்தைப்பற்றிப் பிழைபட்டவர் என்று அவரைத் தள்ளிவிட்டிருந்தால் பேரிழப்பு நேர்ந்திருக்கும். அவர் கூறியது யாவும் மெய் என்று கண்ணை மூடிக்கொண்டு போற்றியிருந்தாலும் உண்மை வெளிவந்திராது. பைஸ் பாலட் இரண்டையும் செய்யாது, சோதித்துப் பார்த்து, மெய்யானதை மெய்யென்றும் அல்லாததை அல்லவென்றும் பிரித்துரைத்தார். பெட்ஸ்வாலோ, தம் கணக்குச் சரியாயிருந்தும், எதிர்நின்றவர் கூறியது யாது என்று பொறுத்துக் கேளாமையாற் பிழைபட்டார். நூல்களைப் பயின்று உரை வேறுபாடுகளை ஆராயும் நம்போன்ற மாணவர்க்கு இவ்விருவர் செயலும் சிந்திக்கத்தக்கவை. ஓர் ஆசிரியரின் ஒரு கூற்றுப் பிழையென்று கண்டவுடன் அவர் நூலையே மூடிவைத்தலும், பேரறிஞர் சொன்னாரென்று பிழையையும் தாங்கிநிற்றலும் ஆராய்ச்சியாகா.

மூச்சுக்குத் திணறிக்கொண்டே பாடஞ்சொன்ன அப்பேராசிரியர் விண்மீன்களை நினைத்தெழுதிய சில வரிகள், நோயுற்றோர் பலருக்கு உரிய மருந்தை உரிய காலத்தில் தேடித் தருகின்றன. தம் ஆராய்ச்சி இவ்விடத்திற்கு வந்துசேரும் என்று அவர் அறிந்திரார். அறியாதிருந்தும் அவர் தம் வேலையைச் செவ்வனே செய்தார். கல்வியிற் புகுந்துள்ள நாமும் நம் கையிலுள்ள வேலையை அவ்வாறே செய்ய முயல்வோமாக.